வேலி தாண்டாமல் வந்த நோய்

அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, கால்நடை நோய் விசாரணை அலுவலகத்தில் இருந்த இருவரும் வழக்கமான சண்டையில் இருந்தார்கள். ஒரு கோழிப் பண்ணை அறிக்கையை இன்றே அனுப்பிவிடலாம் என்றாள் ஆய்வக உதவியாளர். பண்ணையின் தண்ணீர்த் தொட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார் டாக்டர். எதையும் அவசரப்பட்டு முடிக்காத காரணத்தால் அவருக்கு ஆமை டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவளுக்குப் பட்டாசு என்று பெயர். நாற்பது வயதை நெருங்கியும், திரியைக் காட்டுவதற்குள் வெடித்துவிடும் குணம் அவளைவிட்டுப் போகவில்லை. மருந்து கொடுப்பது இவர்கள் வேலை அல்ல. நோய் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, அந்த வழியை அடைப்பதுதான் வேலை.

வந்தவள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். பால் கறந்த கையோடு நேரே கிளம்பி வந்திருக்கிறாள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள்.

காட்டை ஒட்டி அவள் மாமனாருக்கு ஒரு மாட்டுப் பண்ணை. ஊசிச் சோதனையில் நான்கு மாடுகளுக்குக் கழுத்து வீங்கிவிட்டது. காசநோய். நாளைக் காலையில் அவற்றைக் கொண்டுபோகப் போகிறார்கள். திரும்பி வராத இடத்துக்கு. காட்டில் மான்களுக்கு இந்த நோய் இருப்பது இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கையோடு அவள் கணவனும் அவள் அண்ணனும் சேர்ந்து, ஆள் உயரத்தைத் தாண்டிய கம்பிவேலி போட்டார்கள். அதில் காட்டுப் பக்கம் திறக்கும் கதவு ஒன்றே ஒன்று. காட்டில் தீப்பிடித்தால் வனத்துறையினர் பண்ணைக்குள் வந்து தண்ணீர் எடுப்பதற்காக வைத்தது. அதன் சாவி அண்ணனிடம் இருக்கிறது. அவர் வனத்துறைக் காவலர்.

"மான் உள்ளே வராம நோய் வராது, கதவைத் திறக்காம மான் வராது, சாவி அவன்கிட்டதான் இருக்குன்னு என் வீட்டுக்காரர் புகார் எழுதிக் குடுத்துட்டார், டாக்டர். நாளைக்கு அண்ணனுக்கு விசாரணை. வேலை போனா குடியிருக்கிற வீடும் போயிடும். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க. அந்த சிநேகிதத்துலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. இப்ப நான் இந்த வீட்டுல யார் முகத்தைப் பாத்துப் பேசறது?"

"அண்ணன் திறந்திருக்க மாட்டார்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள் பட்டாசு.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். பிறகு டாக்டரைப் பார்த்து, "வேலியை மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க. தொழுவத்துக்குள்ளயும் வந்து பாக்கணும்" என்றாள்.

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார்.

ஜீப்பில் போகும்போதே பட்டாசு மூன்று வழிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்று, கதவு. காவலர் பொய் சொல்கிறார், தங்கை நம்புகிறாள். இரண்டு, வைக்கோல். காட்டோரப் புல்வெளியில் மான் மேய்ந்து எச்சில் பட்ட புல்லை யாரோ அறுத்து விற்றிருக்கிறார்கள். மூன்று, தண்ணீர். காட்டு ஓடையில் மான் வாய் வைக்கிறது, அதே தண்ணீரை மாடு குடிக்கிறது.

"மூணுல எது சார்?"

"மூணும் இருக்கட்டும். நாலாவதுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைங்க" என்றார் டாக்டர்.

பண்ணை வாசலில் கணவன் காத்திருந்தான். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் பகல் வெளிச்சம் மாதிரித் தெரிகிறதே என்று அலுத்துக்கொண்டாலும், குடையைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு வேலி நெடுகிலும் கூடவே வந்தான். வேலியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கம்பி எங்கும் தொய்யவில்லை. அடியில் மண் பறிக்கப்படவில்லை. தாண்டிக் குதித்த விலங்கின் ஒரு ரோமம்கூட முள்ளில் இல்லை. பண்ணையின் காட்டுப் பக்கம் முழுவதையும் வேலி அடைத்திருந்தது. நடுவில் தொழுவம் குறுக்கிடும் இடத்தில் மட்டும், கம்பி தொழுவச் சுவரின் இந்த மூலையில் முடிந்து அந்த மூலையில் மறுபடி தொடங்கியது.

"இந்த வேலையை நாங்க ரெண்டு பேரும்தான் செஞ்சோம்" என்றான் கணவன். "ஒரு ஆளைக்கூட கூப்பிடல. அவன் குழி தோண்டுவான், நான் தூண் நடுவேன். இப்ப நினைச்சா வயிறு எரியுது."

கதவருகே வந்ததும் அவன் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டான். இரும்புக் கதவு, காட்டுப் பக்கமாகப் பூட்டு தொங்கியது. ஒரு காட்டுக்கொடி கதவையும் தூணையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. கீழ்ப்பகுதியில் தண்டு சுண்டுவிரல் பருமனுக்கு முற்றிப் பட்டை விட்டிருந்தது. பட்டாசு கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கதவு அசைந்ததே தவிர கொடி விடவில்லை. "இந்த மழைக்கு வளர்ந்திருக்கும்" என்று முணுமுணுத்தான் கணவன். டாக்டர் தண்டின் பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மேலே நடந்தார்.

தொழுவம் நீளமானது, சுத்தமானது. மாடுகள் இரண்டு வரிசையாக, சுவரைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு மாட்டுக்கும் அதனதன் இடம் உண்டு. மாற்றிக் கட்டினால் பால் குறையும் என்று மாமியார் வைத்த வழக்கமாம். அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் வைத்த இடம் இன்னும் மாறவில்லை. நான்கு மாட்டுக்கு ஒன்றாகச் சுவரில் இரும்புச் சட்டம் பதித்து, அதில் உப்புக்கட்டி செருகியிருந்தது. மாடுகள் அவ்வப்போது கழுத்தை நீட்டி நக்கிக்கொண்டன.

பின்வரிசையின் வலது கோடியில் நான்கு மாடுகளின் முதுகில் சிவப்பு மை தீட்டியிருந்தது. அவற்றின் நடுவே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். உயரமானவர், இப்போது கொஞ்சம் குனிந்துவிட்டவர். அவள் மாமனார். சிவப்பு மை பட்ட ஒரு பசுவின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டே, வந்தவர்களுக்குத் தலையை ஆட்டினார்.

பட்டாசு கேள்விகளைக் கேட்டுத் தள்ளினாள். வைக்கோல் எல்லா மாட்டுக்கும் ஒரே போரிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் ஓடையிலிருந்து அல்ல, கிணற்றிலிருந்து குழாயில் வருகிறது. அதுவும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அப்படியென்றால் இந்தக் கோடியில் நிற்பவற்றுக்கு மட்டும் ஏன்? அவள் கையில் இருந்த மூன்று வழிகளில் இரண்டு அங்கேயே அணைந்துபோயின. டாக்டர் கவலைப்படவில்லை. அவர் ஒவ்வொரு உப்புக்கட்டியாகச் சட்டத்திலிருந்து உருவி, திருப்பிப் பார்த்து, மறுபடி செருகிக்கொண்டே வந்தார். எல்லாக் கட்டிகளும் மாடு நக்கும் முகத்தில் மட்டும் அகலமாகக் குழிந்திருந்தன; அடிப்பக்கம் தட்டையாக, சட்டத்தின் துருக்கறையோடு இருந்தது. வலது கோடிக் கட்டியை மட்டும் அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அதன் முகமும் குழிந்திருந்தது. அடிப்பக்கமும் குழிந்திருந்தது, குறுகலான, சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இதுலேர்ந்து மாதிரி எடுத்துக்குங்க" என்றார். பட்டாசு எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்தக் கட்டிக்கு மேலே, சுவரில் ஒரு மரச் சன்னல். பக்கத்து ஆணியில் வெளுத்துப்போன பெண்கள் மேலங்கி ஒன்று தொங்கியது. அதற்கு அருகே சின்னப் பலகையில், மூடி போட்ட நீல டப்பா. மூடியின்மேல் தூசி படலமாக இறங்கியிருந்தது. பட்டாசின் கை டப்பாவை நோக்கிப் போனபோது பெரியவர் முதல்முறையாகப் பேசினார்.

"அதைத் தொடாதீங்கம்மா. அது அவளோடது."

டாக்டர் பேச்சை மாற்றினார். மான் எதையாவது இந்தப் பக்கம் பார்த்தீர்களா என்று பொதுவாகக் கேட்டார். கணவன் பதில் சொன்னான். வேலி போட்ட பிறகு இந்தப் பக்கம் ஒருவரும் மானைப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பெரியவர் பசுவின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "இவளுங்களை நாளைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்கே ஒத்தக்கொம்பன் வேற இருமிக்கிட்டுக் கெடக்கான். எல்லாருக்கும் ஒரே சமயத்துல வந்துடுச்சு" என்றார்.

"அப்பா இப்படித்தான் எதையாவது சொல்லிட்டிருப்பார்" என்று தணிந்த குரலில் சொன்னான் கணவன். "அம்மா போனதுலேர்ந்து எங்ககிட்ட பேசறதே அபூர்வம். மாட்டுக்கிட்டதான் பேசுவார்."

மருமகள் அப்போது தொழுவ வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

காட்டுப் பக்கம் போக, சாலைக்கு வந்து சுற்றிக்கொண்டு வனச் சோதனைச்சாவடி வழியாகத்தான் போகவேண்டும். அண்ணன் அங்கே காக்கிச் சட்டையில் காத்திருந்தார். சிரித்த முகம், அந்தச் சிரிப்பைப் பிடித்து வைத்திருப்பதற்கு அன்று அவர் கொஞ்சம் பாடுபடவேண்டியிருந்தது. "என்னைத்தான் உள்ளே விடமாட்டேங்கறான். உங்களையாவது வெளியே விட்டானே" என்றார்.

ஒற்றைக்கொம்பன் என்று ஒரு மான் உண்டா என்று டாக்டர் நடந்துகொண்டே விசாரித்தார்.

"இருக்கே. சண்டையில ஒரு கொம்பு போச்சு. தொலைநோக்கியில பாத்திருக்கேன். எங்களைக் கண்டா நிக்காது."

"அதுக்கு இருமல் இருக்குதாமே?"

அவர் நின்றுவிட்டார். "அது எனக்கே தெரியாதே, டாக்டர். இருமல் காதுல விழணும்னா கைநீட்டற தூரத்துல நிக்கணும். யார் சொன்னது?"

டாக்டர் நடையை நிறுத்தவில்லை. அதற்குள் தொழுவத்தின் பின்சுவர் வந்துவிட்டது. காட்டுப் பக்கம் தரை மேடாக இருந்ததால், உள்ளே மார்பு உயரத்தில் இருந்த சன்னல் இங்கே முழங்கால் உயரத்தில் இருந்தது. கீல் தேய்ந்து பளபளத்தது. ஓரங்களில் ஒரு நூலாம்படைகூட இல்லை. சன்னலுக்கு நேர் கீழே ஒரு வெட்டுமரத்தின் அடிக்கட்டை. அதன் தலை வெள்ளை பூத்து, நக்கி நக்கி வழுவழுவென்று குழிந்து, ஓரம் பல்லால் கொறிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் ஈரமண்ணில் பிளவுபட்ட குளம்படிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

பட்டாசு குனிந்து பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். மறுபடி கட்டையைப் பார்த்தாள். வழக்கமாக வெடிக்கவேண்டிய இடம். அவள் வெடிக்கவில்லை.

முதலில் பேசியது அண்ணன்தான். "இதைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"நாளைக்கு விசாரணை உங்களுக்கு."

"இருக்கட்டும். நான் கதவைத் திறந்து போட்டேன்னே எழுதிடுங்க. எனக்கு அப்பா இல்ல, டாக்டர். பள்ளிக்கூடத்து நாள்லேர்ந்து அந்த வீட்டுலதான் சாப்பிட்டேன். அவரு ஏற்கெனவே பாதி ஆளாயிட்டார். இதையும் அவர் தலையில வெக்காதீங்க."

"அப்படி எழுதலாம்" என்றார் டாக்டர் மெதுவாக. "எழுதினா கதவுக்கு ரெண்டாவது பூட்டுப் போடுவாங்க. இந்தச் சன்னல் திறந்தே இருக்கும். அடுத்த சோதனையில மீதி மாடும் போகும். அப்ப யார் தலையில வெக்கறது?"

காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாலைக் கறவைக்கு முன்னால் எல்லோரையும் தொழுவத்துக்கு வரச் சொன்னார் டாக்டர். அதற்கும் முன்னால், கணவனை மட்டும் வேலிக் கதவுக்கு அழைத்துப் போனார். காட்டுப் பக்கம் நின்று அண்ணன் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு அசையவில்லை. கணவன் கம்பி வழியாகக் கையை விட்டுச் சாவியை வாங்கித் தானே திருப்பினான். துருத்தூள் அவன் விரலில் உதிர்ந்தது, பூட்டு திறக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "முன்வாசல் வழியா வா" என்று மட்டும் சொன்னான்.

தொழுவத்தில் நான்கு பேர் நின்றார்கள். பெரியவர் தன் நான்கு பசுக்களுக்கு நடுவிலேயே இருந்தார். டாக்டர் பால் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உயரத்திலிருந்து பேசவேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"கதவு ஒரு வருஷத்துக்கு மேல திறக்கல. ஒரே மழையில வளர்ந்த கொடிக்கு இப்படிப் பட்டை விடாது. பூட்டையும் பாத்தாச்சு. வேலியையும் எதுவும் தாண்டல. அதனால மான் உள்ளே வரல. அது வரைக்கும் நீங்க சொன்னது சரி" என்று கணவனைப் பார்த்துச் சொன்னார். "ஆனா மான் வந்தாத்தான் நோய் வரும்னு நினைச்சீங்க. மானோட எச்சில் வந்தாலே போதும்."

"எச்சில் எப்படி வரும்?"

டாக்டர் சட்டத்திலிருந்து இரண்டு உப்புக்கட்டிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது முன்வரிசைக் கட்டி. மாடு எட்டற பக்கம் மட்டும் குழிஞ்சிருக்கு. அடிப்பக்கம் சட்டத்துக்குள்ள இருக்கறதால எந்த நாக்கும் படல. இது இந்தக் கோடிக் கட்டி. அடிப்பக்கமும் குழிஞ்சிருக்கு. அப்படின்னா இந்தக் கட்டி சட்டத்துலேயே இருக்கறது இல்ல. வெளியே போகுது, திரும்பி வருது. இந்தப் பள்ளத்தைப் பாருங்க. மாட்டு நாக்குக்கு இது பத்தாது."

கணவன் கட்டியை வாங்கிப் பார்த்தான். அவன் கண் தானாகவே சன்னலுக்குப் போயிற்று.

"வேலி எல்லாத்தையும் அடைச்சுது. சுவரை யாரும் வேலியா நினைச்சுப் பாக்கல" என்றார் டாக்டர். "வெளியே ஒரு கட்டை இருக்கு. சாயந்திரம் கட்டி அங்கே போகும். ராத்திரி மான் நக்கும். விடிகாலையில, மழையில கரைஞ்சிடக் கூடாதுன்னு ஈரத்தோட உள்ளே வரும். பகல் பூரா இந்த நாலும் நக்கும். ராத்திரி மறுபடி போகும். எந்த மான்லேர்ந்து எந்த மாட்டுக்கு முதல்ல வந்துச்சுன்னு இனிமே பிரிக்க முடியாது. ரெண்டு பக்கமும் போய்வந்துட்டிருக்கு."

"யாரு?" என்றான் கணவன். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒத்தக்கொம்பன் இருமறதை வனக்காவலரே கேட்டதில்ல. காலையில இந்தத் தொழுவத்துல ஒருத்தர் சொன்னார்."

யாரும் பெரியவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அவர் கை பசுவின் கழுத்தில் சொறிவதை நிறுத்தியிருந்தது.

"நான் ஒருத்தரையும் உள்ளே விடலையே" என்றார் பெரியவர். குரலில் மறைக்கும் எண்ணம் ஏதும் இல்லை. "சன்னலுக்கு அந்தப் பக்கமே நிப்பாங்க. உங்கம்மா வெச்சிட்டிருந்தா. நீ பால் வண்டியில போனதும் வெப்பா. தெரிஞ்சா நீ திட்டுவேன்னு உன்கிட்ட சொல்லல. அவ போன அன்னிக்கு, வீடு பூரா ஆளுங்க. சாயந்திரம் இங்கே வந்து நின்னேன். சன்னலுக்கு வெளியே அவங்க வந்து நிக்கறாங்க. பாத்துக்கிட்டே நிக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? பக்கத்துல இருந்த கட்டியை எடுத்து வெச்சேன்."

கொஞ்சம் நிறுத்தி, டாக்டரைப் பார்த்துக் கேட்டார். "அவ எத்தனையோ காலம் வெச்சா. ஒண்ணும் ஆகல. நான் வெச்சா மட்டும் ஆயிடுமா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விடலாமா என்று யோசித்தவர்போல டாக்டர் வாளியின்மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பலகையின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இந்த டப்பாவை நீங்க திறக்கவே இல்ல, இல்லையா?"

"அவ பொருள் எதையும் நான் திறக்கல. மனசு வரல."

"இப்ப நீங்களே திறந்தா நல்லது. வேண்டாம்னா விட்டுடறேன்."

பெரியவர் மாடுகளை விலக்கிக்கொண்டு வந்தார். தூசியைத் துடைக்காமல் மூடியை எடுத்தார். உள்ளே ஒரு பழைய துணி. துணிக்குள் பாதி தேய்ந்த உப்புக்கட்டி. எல்லாப் பக்கமும் குறுகலான சின்னப் பள்ளங்கள் மட்டும். அகலமான குழிவு ஒன்றுகூட இல்லை. கட்டிக்கு அடியில், மடித்து வைத்த ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

"அவங்க மானுக்குன்னு தனியா ஒரு கட்டி வெச்சிருந்தாங்க" என்றார் டாக்டர். "மாடு இதை நக்கினதே இல்ல. மான் மாட்டுக் கட்டியை நக்கினதே இல்ல. எடுத்து வெக்கறதுக்குக் கையுறை. காட்டுல நோய்னு கேள்விப்பட்டதுமே செஞ்சிருப்பாங்க. வெளியே தெரியாம செஞ்ச வேலைங்கறதால யார்கிட்டயும் சொல்லிக்கல."

பெரியவர் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைக்கெட்டற தூரத்துல இருந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். கட்டியை மறுபடி துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடியைப் போட்டார். மூடி சரியாக உட்காரவில்லை. மருமகள் வந்து மூடியை அழுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து வாளியின்மேல் உட்காரவைத்தாள்.

கணவன் அப்பாவைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்து நின்றிருந்தவன், திரும்பாமலே நண்பனிடம் சொன்னான்.

"கொடியை நான் முன்னாடியே பாத்தேன்டா. புகார் எழுதறதுக்கு முன்னாடியே. பாத்துட்டு, பாக்காத மாதிரி வந்துட்டேன். யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு."

"திட்டறதுக்கு நான்தானே இருக்கேன்" என்றார் காவலர். "வேற யாரைத் திட்டுவே? கடப்பாரை எங்கே இருக்கு? இருட்டறதுக்குள்ள அந்தக் கட்டையைப் பேத்துடலாம்."

இருவரும் கடப்பாரையோடு சாலையைச் சுற்றிக் காட்டுப் பக்கம் போனார்கள். வேலி போட்ட அன்றைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. இரும்பு மண்ணில் இறங்கும் சத்தம் மட்டும் சுவருக்கு அப்பால் மாறி மாறிக் கேட்டது.

பட்டாசு மாதிரிகளை ஜீப்பில் ஏற்றினாள். மருமகள் குடையைக் கொடுக்க வந்தபோது டாக்டர் கேட்டார்.

"தொழுவத்துக்குள்ளயும் பாக்கணும்னு காலையிலேயே சொன்னீங்க. வேலியைப் பத்திப் புகார்; தொழுவத்தைப் பத்தி யாரும் எதுவும் சொல்லல."

அவள் குடையின் கைப்பிடியைத் திருகினாள். "சமையல்கட்டுல நின்னா அந்தச் சன்னல் கிரீச்சுங்கறது கேக்கும். தினமும் கேக்கும். அதுக்கப்புறம் அவர் பேசறதும் கேக்கும். எங்க யார்கிட்டயும் பேசாதவர் அங்கே பேசுவார். அத்தையைப் பத்திச் சொல்லிட்டிருப்பார். அதால நோய் வந்திருக்கும்னு எனக்கு உறுதியா தெரியாது, டாக்டர். தெரிஞ்சிருந்தாலும் என் வாயால எப்படிச் சொல்றது? அண்ணனைக் காப்பாத்த மாமாவைக் காட்டிக் குடுத்தேன்னு ஆயிடும். சொல்லாம இருந்தா அண்ணன் போயிடுவார். அதான், நீங்களே பாத்துக்குவீங்கன்னு…"

"நீங்க காட்டிக் குடுக்கல" என்றார் டாக்டர். "நாங்கதான் பாத்தோம். எழுதறதும் அப்படித்தான் எழுதுவேன்."

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று சொல்ல முடியாது.

கிளம்புவதற்குமுன் சன்னலை அடைத்தாகவேண்டும். அதைத் தான் செய்வதாகப் பட்டாசு சுத்தியலைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். சுத்தியல் ஏற்கெனவே பெரியவர் கையில் இருந்தது. பலகைகளைக் குறுக்காக வைத்து, அவரே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆணியும் நேராக, ஆழமாக இறங்கியது. அவள் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பலகைக்கு வரும்போது வெளியே கடப்பாரைச் சத்தம் நின்று, இரண்டு பேரின் காலடி விலகிப்போயிருந்தது. வெளிச்சம் மங்கிவிட்டது. சிவப்பு மை தீட்டிய மாடுகள் பழக்கத்தில் கழுத்தை நீட்டி, காலியான சட்டத்தை நக்கின.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஈரமண்ணில் மெல்லிய குளம்போசை கேட்டது. கட்டை இருந்த இடத்தில் வந்து நின்றது. பிறகு ஓர் இருமல். வறண்ட, நீண்ட, கைநீட்டும் தூரத்திலிருந்து வருகிற இருமல்.

பட்டாசு பெரியவரைப் பார்த்தாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஆணி அடித்த பலகையின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னிக்கு இல்லடா" என்றார். "வீட்டுக்குப் போ."

குளம்புகள் விலகிப்போகும் ஓசை கேட்கவில்லை.